சுவரிலிருந்து எழுந்து போனவர்கள்

சித்தேரிப்பட்டணத்துச் சந்தையின் மேற்குச் சுவர் நூற்றுப்பத்தடி நீளம், ஏழடி உயரம். கட்டி முடித்துச் சுண்ணாம்பு காயும் முன்பே முதல் ஆள் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதைப் பார்த்து நின்றுவிட்டான். அன்றிலிருந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவனும் பஸ்ஸுக்குக் காத்திருந்தவனும், மாடு விற்க வந்தவனும் பெண் பார்க்க வந்தவனும், அந்தச் சுவரில் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் ஊருக்குள் போனான், ஊரைவிட்டும் போனான். நகராட்சி எச்சரிக்கை எழுதிப் பார்த்தது, அபராதம் எழுதிப் பார்த்தது, கழுதைப் படம் போட்டுப் பார்த்தது. எழுத்தும் கழுதையும் உப்புப் பூத்து உதிர்ந்தன. கடைசியில் சாமியைக் கூப்பிட்டது. பிள்ளையாரும் சிலுவையும் பிறையும் சேர்ந்தாற்போல் இருக்கும் டைல்ஸை முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பதித்தார்கள். ஒரு மாதம் ஊர் அஞ்சியது. அடுத்த மாதம், இரண்டு டைல்ஸுக்கு நடுவே இருக்கிற இடம் எந்தச் சாமிக்கும் சேராது என்று யாரோ ஒருவன் கண்டுபிடித்துவிட்டான்.

அந்தச் சாமிகளை வரைந்தவள் கமலவேணி. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு, ஊருக்கு வெளியே மாசிலாமணி நடத்திய பீங்கான் கம்பெனியில் வரைகிற வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. ரோஜா வரைந்தாள், மயில் வரைந்தாள், குளியலறைக்கு மீனும் சுவருக்குச் சாமியும் வரைந்தாள். எல்லாம் வழவழவென்று இருக்க வேண்டும், கோடு தெரியக் கூடாது, கை பட்ட தடம் இருக்கவே கூடாது. அவளுக்கோ கோட்டின் மேல்தான் ஆசை. ஈரம் பாதி வற்றித் தோல்போல் இறுகியிருக்கும் பச்சை மண்ணை உடைந்த ரம்பத் துண்டால் கீறினால் மண் இரண்டு பக்கமும் சுருண்டு எழும்பும். கோணிச்சாக்கை வைத்து அழுத்தினால் இழை இழையாகப் பதியும். அதன்மேல் மெருகுக் குழம்பை ஊற்றிச் சூளையில் வைத்தால், பள்ளத்தில் நிறம் தேங்கி, மேட்டில் மண் தன் சொந்த நிறத்தில் நிற்கும். கம்பெனி கழித்துப் போட்ட பச்சை ஓடுகளில் அப்படி அவள் செய்துவைத்திருந்ததை மாசிலாமணி ஒருநாள் தடவிப் பார்த்தார்.

"சொரசொரன்னு இருக்கே வேணி. அழுக்கு சேரும். யாரு தேய்க்கறது?"

கேட்டுவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு முன்னால் நகராட்சித் தலைவர் பரசுராமன் கம்பெனிக்கு வந்தார். கையகலச் சாமிக்கு யாரும் பயப்படுவதில்லை, அதனால் பழைய டைல்ஸைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளுயரச் சாமிகளாகப் பதிக்கப் போகிறோம், உருட்டு விழியும் கோரைப் பல்லுமாகப் பதினொரு சாமி வேண்டும் என்றார். மாசிலாமணி தலையாட்டினார். கமலவேணி அளவெடுக்கச் சந்தைக்குப் போனாள்.

சுவரின் தென்பாதியில் ஆண்கள் நிற்பார்கள். வடபாதியின் நிழலில் இருபத்து மூன்று பெண்கள் கடை போட்டிருந்தார்கள். கீரை, எலுமிச்சை, பூ, மண்சட்டி, வத்தல். இரண்டு பாதிக்கும் எல்லையில், நாற்றத்துக்கு அணைபோட்டதுபோல், கருவாட்டுக் கூடையோடு அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். நூற்றுப்பத்தடியையும் கமலவேணி அளந்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. அஞ்சலாட்சியின் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் காலையில் பார்த்தபடியே இருந்தது.

"அக்கா, இந்த வெயில்ல தாகம் எடுக்கலியா?"

"எடுக்கும், அப்புறம் தானா அடங்கிடும். குடிச்சா எழுந்திரிக்கணும்மா. எழுந்திரிச்சு எங்க போறது?"

"எத்தனை வருஷமா இப்படி?"

"இருபத்திரெண்டு. நடுவுல ரெண்டு தரம் கல்லு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன்." அஞ்சலாட்சி தென்பாதியைக் கண்ணால் காட்டினாள். "அவங்களுக்குச் சுவரு இருக்கு. எங்களுக்கு இருட்டு இருக்கு. இருட்டுற வரைக்கும் இருக்கணும், அவ்வளவுதான்."

கமலவேணி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டாள். பதினான்கு வருஷமாகத் தான் வரைந்த சாமிகள் எல்லாம் இந்தப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாமிகளின் கண்ணை ஆண்கள் நிற்கும் திசையில் வைத்து வரைந்ததும் அவள்தான்.

மறுநாள் பச்சை மண் பலகைகளை ஈரச் சாக்கில் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கே போய்விட்டாள். பதினொரு பெண்களைப் பதினொரு நாள் வரைந்தாள். முகத்தைக் கீறியது ரம்பத் துண்டு, மயிருக்குத் தேங்காய் நார், புடவைக்கு அந்தந்தப் பெண்ணின் முந்தானையையே மண்ணில் வைத்து அழுத்தினாள். கீரைக்காரியின் முழங்கை மடிப்பையும் பூக்காரியின் விரலில் நார் அறுத்த கோட்டையும் அவரவர் உடம்பிலிருந்தே மண் வாங்கிக்கொண்டது.

"காலைக் குடு அக்கா."

"கருவாட்டு நாத்தம் அடிக்கும்மா."

"அடிக்கட்டும்."

பித்தவெடிப்பு விழுந்த அந்தக் குதிகாலை மண்ணில் வைத்து அழுத்தியபோது, கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரித்தரை ஒன்று அங்கே பதிந்தது. கமலவேணி அதில் ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. பதினொரு பேரையும் உட்கார்ந்தபடியே வரைந்திருந்தாள், அவர்களை அவள் பார்த்ததெல்லாம் அப்படித்தான் என்பதால்.

மாசிலாமணி பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி பதினான்கு வருஷம் செய்தவளை ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று இருந்துவிட்டார். திருவிழாவுக்கு முந்தின நாள் பெட்டி சுவரடியில் திறந்தது. பரசுராமன் முதல் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது எந்த ஊர் சாமி?"

"சாமி இல்லீங்க," என்றார் கொத்தனார். "நம்ம அஞ்சலாட்சி. கருவாட்டுக் கடை."

பழைய சாமிகளைச் சுரண்டி எடுத்தாயிற்று, சுவர் தோலுரிந்து நிற்கிறது, விடிந்தால் வெளியூர் ஜனம் வந்து இறங்கும். வேறு வழியில்லாமல் பரசுராமன் பதிக்கச் சொன்னார்.

பதித்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, சுவரில் இருந்த அஞ்சலாட்சி எழுந்தாள். முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, நெடுநாள் உட்கார்ந்திருந்தவர்கள் எழுவதுபோல் மெல்ல எழுந்து, புடவையை உதறிவிட்டு, பலகையின் ஓரமாக நடந்து போனாள். அவள் இருந்த இடத்தில் சாக்குத் தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கீழே உயிரோடு உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்த்தாள். வஞ்சிரம் கேட்டு நின்றவளிடம், "போயிட்டு வரட்டும்," என்று சொல்லிவிட்டுக் கருவாட்டை நிறுத்துப் போட்டாள். கால் மணி நேரத்தில் சுவர்க்காரி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். முகம் கழுவியிருந்தாள்.

அவள் போன இடம் எது என்பதை அறிந்தவள் தலைவரின் மனைவி சுலோசனா. தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தவள், தரையிலிருந்து கூரைவரை பால்நிறத்தில் பதித்திருந்த டைல்ஸில், கோட்டாலும் கீறலாலும் ஆன ஒரு பெண் மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். கூடத்தில் வந்து உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே காத்திருந்தாள். யார் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டபோது, "பாவம், எத்தனை நாளா அடக்கி வெச்சிருந்தாளோ. நான் போய்க் கதவைத் திறந்துட்டேன்," என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒரு வாரத்தில் பதினொரு பேரும் எழுந்து போக ஆரம்பித்தார்கள். டைல்ஸ் இருக்கிற இடத்துக்கெல்லாம் டைல்ஸ் வழியே போக முடிந்தது அவர்களுக்கு. கீரைக்காரி டாக்டர் வீட்டுக்குப் போனாள், பூக்காரி பேங்க் மேனேஜர் வீட்டுக்கு, எலுமிச்சைக்காரி ஒரு வீட்டில் நிலைக்காமல் லாட்ஜின் எட்டு அறைகளுக்கும் மாறி மாறிப் போனாள். ஊர் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் அதற்கான ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டது. கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும். தட்டிவிட்டு இருபது எண்ண வேண்டும். உள்ளே துணி உலரப் போடுகிறவர்கள் சுவரில் ஒரு பக்கத்தைக் காலியாக விட வேண்டும். ஹெட்மாஸ்டர் குளிக்கப் போகும்போதெல்லாம் தேவாரம் பாடிக்கொண்டே போனார். பேங்க் மேனேஜர் மனைவி சோப்புப் பெட்டியின் மேல் ஒரு முழம் பூ வைத்தாள், மறுநாள் பூ இல்லை. அந்த வாரம் ஊரில் யாரைக் கேட்டாலும், "இரு, உள்ள சுவத்துக்காரி இருக்கா," என்பதே பேச்சாக இருந்தது. சிமெண்டுத் தரையும் ஓலைத் தடுப்புமாக இருந்த வீடுகளுக்கு அவர்கள் வரவில்லை. தங்களை ஒதுக்கிவைத்ததாக அந்தத் தெருக்காரர்களுக்கு வருத்தம். சிலர் ஒற்றை டைல்ஸை வாங்கிக் குழாயடியில் பதித்துவைத்துக் காத்திருந்தார்கள்.

சுவரின் தென்பாதியில் இப்போது ஆண்கள் நிற்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் வாசலை மறித்துக்கொண்டு எப்படி நிற்பது என்று அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. சுவர் காய்ந்தது. ஆனால் கீழே இருந்த இருபத்து மூன்று பேரின் சொம்பு மட்டும் அப்படியே நிறைந்திருந்தது. கமலவேணி தினமும் மதியம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பரசுராமனுக்குத்தான் பொறுக்கவில்லை. காலை பதினொரு மணி அவர் குளிக்கும் நேரம். மாதம் ஒன்றாகத் துண்டோடு கூடத்தில் காத்திருந்தவர், ஒருநாள் ஈரமில்லாத தலையோடு கம்பெனிக்கு வந்து மாசிலாமணியின் முன்னால் உட்கார்ந்தார். கமலவேணியைக் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணும் இடிக்க வேணாம்மா," என்றார் பரசுராமன், தணிவாகவே. "தலைக்கு ஒரு கிரீடம், கூட ரெண்டு கை, கையில சூலம். அவ்வளவு போட்டுக் குடு. சாமி ஆக்கிட்டா எங்கயும் எழுந்து போக மாட்டாங்க. சாமிக்கு அதெல்லாம் வராது."

"அது தெரிஞ்சுதான் ஐயா நான் சாமி வரையல."

"வேணி," என்றார் மாசிலாமணி. "அவர் ஊருக்குத் தலைவர்."

"நான் வரைஞ்சதுக்கு நான்தானே சார் ஜவாப்பு. அவங்களுக்கு ரெண்டு கை போதும். கக்கூஸ் கட்டிக் குடுங்க, அப்புறம் உங்க வீட்டுப் பக்கம் வரமாட்டாங்க."

"சுவத்துல இருக்கற படத்துக்கு நகராட்சி கக்கூஸ் கட்டணுமா?"

"கீழ இருக்கறவங்களுக்குக் கட்டுங்க."

அன்று மாலையே கமலவேணிக்கு வேலை போயிற்று. ரம்பத் துண்டு, தேங்காய் நார், இரண்டு தூரிகை, ஒரு சாக்கு. அவ்வளவையும் பையில் போட்டுக்கொண்டு நேரே சந்தைக்கு வந்து அஞ்சலாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. வாடகை வீடு, தனி ஆள், வயது நாற்பதைத் தொடப் போகிறது. ஆனாலும் பயத்துக்குப் பக்கத்திலேயே, பதினான்கு வருஷமாக மயிலும் ரோஜாவும் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், காற்று வந்துபோகிற மாதிரியும் இருந்தது.

வெளியூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்து பதினொரு தலைக்கும் பொன்நிறத்தில் கிரீடம் வைத்தான். சுவர்க்காரிகள் பதினொரு மணிக்கு எழுந்து போனார்கள், திரும்பி வரும்போது தலை ஈரமாக, கிரீடம் இல்லாமல் வந்தார்கள். அன்று ஊரின் பெரிய வீடுகளில் எல்லாம் சாக்கடையில் பொன்நிறம் ஓடியது. இரண்டாம் நாளும் வைத்தான். மூன்றாம் நாள் பெயிண்டர் தானாகவே ஏணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அதன்பிறகுதான் சுவரை இடிக்க உத்தரவு வந்தது. பரசுராமன் கெட்டவரில்லை, ஆள் இருக்கும்போது இடிக்க அவருக்கு மனசு வரவில்லை. "பதினொரு மணிக்கு அவங்க போனதும் இடிங்க. வெறும் டைல்ஸ்தானே," என்று சொல்லி அனுப்பினார். பதினொன்று பத்துக்குக் கடப்பாரை விழுந்தது. கீழே இருந்த பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். கமலவேணி முன்னால் போய் நின்றாள், இரண்டு பேர் அவளை நகர்த்தி நிறுத்தினார்கள், மறுபடி போய் நின்றாள், மறுபடி நகர்த்தினார்கள். சாக்குத் தடம் பதிந்த வெள்ளைத் துண்டுகள் மண்ணில் சரிந்தன.

இடித்தவர்களுக்கும் இடிக்கச் சொன்னவருக்கும் தோன்றாத ஒன்று இருந்தது. திரும்பி வர இடமில்லாதவர்கள் போன இடத்திலேயே தங்கிவிடுவார்கள். எலுமிச்சைக்காரி லாட்ஜில் தங்கினாள், பூக்காரி பேங்க் மேனேஜர் வீட்டில். தலைவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் அஞ்சலாட்சி சாக்கை விரித்து, கூடையை இறக்கி, கருவாட்டை வகைவகையாக அடுக்கிக் கடை போட்டுவிட்டாள். பரசுராமன் கிணற்றடியில் குளித்தார்.

மறுநாள் சந்தையில் நிழலே இல்லை. இடிந்த கற்களுக்கு நடுவே பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணி ஆனதும், அங்கே உயிரோடு இருந்த அஞ்சலாட்சி சொம்பை எடுத்து அண்ணாந்து முழுவதும் குடித்தாள். கையைத் தரையில் ஊன்றினாள். முழங்காலைப் பிடித்து எழுந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் பொழுது சாய்வதற்கு முன்னால் அவள் கடையை விட்டுவிட்டு எழுந்து போய் யாரும் பார்த்ததில்லை.

"எங்க அக்கா?" என்றாள் கமலவேணி.

"வழிதான் தெரிஞ்சுபோச்சே."

அவள் நடந்தாள். கமலவேணி பின்னால் போனாள். கீரைக்காரி எழுந்தாள், மண்சட்டிக்காரி எழுந்தாள், சுவரில் இடம் கிடைக்காத பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். சந்தையிலிருந்து தலைவர் வீடுவரை இருபத்து மூன்று பேரும் ஒரு வரிசையாக, திருவிழாவில் சாமிக்குப் பின்னால் போகிற நிதானத்தில் போனார்கள். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பரசுராமன் வாசலில் வந்து கையை விரித்து நின்றார். "இது வீடும்மா. சத்திரம் இல்ல."

"சுவத்துல இருக்கறவ நான்தானே ஐயா," என்றாள் அஞ்சலாட்சி. "ஒரு மாசமா வந்துட்டுப் போயிட்டுத்தான் இருக்கேன். அப்பெல்லாம் கோடா வந்தேன். இன்னைக்குக் காலோட வந்திருக்கேன்."

அவருக்குப் பின்னால் சுலோசனா வந்து நின்றாள். கணவனின் விரித்த கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்து, அஞ்சலாட்சியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். உள்ளே கோடுகோடாகத் தினமும் பார்த்த முகம். கன்னத்துப் பள்ளம், மூக்குத்தி ஓட்டை, எல்லாம் அப்படியே.

"உள்ள வா. குழாய் இடது பக்கம் திருகினா வரும். வலது பக்கம் சுடுதண்ணி, பார்த்து."

"சுலோ," என்றார் பரசுராமன்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வரிசை பெருசா இருக்கு."

அன்று பன்னிரண்டு பேர் அங்கே போனார்கள், மீதிப் பேர் டாக்டர் வீட்டுக்கும் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கும் போனார்கள். மறுநாளும் போனார்கள். கதவைத் தட்டி இருபது எண்ணிப் பழகியிருந்த ஊருக்கு, உள்ளே இருப்பது சுவர்க்காரியா சந்தைக்காரியா என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நாள் நகராட்சிக் கூட்டத்தில் சந்தைக்குப் பெண்கள் கழிப்பறை கட்டும் தீர்மானம் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. எட்டு அறை, எட்டிலும் குழாய், எட்டிலும் உள்தாழ்ப்பாள்.

புதுக் கழிப்பறையின் சுவருக்கு டைல்ஸ் செய்யச் சொல்லி மாசிலாமணியே கமலவேணியைத் தேடி வந்தார். வழவழப்பாக வேண்டாம், உன் இஷ்டம் என்றார். பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். டைல்ஸ் செய்கிறேன், நாற்காலி வேண்டாம் என்றாள் அவள். ஏரிக்கரையில் செங்கல் சூளை ஒன்றைப் பேசி எடுத்து, அந்தப் பன்னிரண்டு பெண்களின் முந்தானைகளையும் உள்ளங்கைகளையும் பதித்து, உருவம் எதுவும் வரையாமல் ஓடு சுட்டாள். ஏன் படம் இல்லை என்று கேட்டவர்களிடம், "வர்றவங்களுக்கு இடம் வேணும்ல," என்றாள்.

பதித்து முடித்த மூன்றாம் நாள் சுவர்க்காரிகளில் பத்துப் பேர் வந்தார்கள், சிலர் நின்றபடி, சிலர் சாய்ந்தபடி, எலுமிச்சைக்காரி காலை நீட்டிப் படுத்தபடி. பதினொன்றாமவள் வரவில்லை. சுலோசனாவுக்குப் பேச்சுத்துணை இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

திறப்பு விழா காலை பத்தரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பந்தல், மைக், வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன், தாம்பாளத்தில் கத்தரிக்கோல். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் வழியில் வந்துகொண்டிருப்பதாக மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். பதினொரு மணி ஆயிற்று. அஞ்சலாட்சி எழுந்து வந்து கூடையைக் கமலவேணியின் கையில் கொடுத்தாள். ரிப்பனை ஒரு விரலால் தூக்கி, அதன்கீழே குனிந்து, உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது.

பரசுராமன் கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். "ஏம்மா, அவர் தெருமுனைக்கு வந்துட்டாராம். சீக்கிரம் வெளிய வரச் சொல்லு."

"சொல்ல மாட்டேன் ஐயா," என்றாள் கமலவேணி. "ஆற அமர வரட்டும்."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து நின்று, இருபத்திரண்டு பேரின் வரிசை பந்தலைத் தாண்டித் தெருவரைக்கும் நீண்டுவிட்டது. காரின் ஹாரன் கேட்டது. இன்னொரு முறை, இன்னும் பக்கத்தில், நீளமாகக் கேட்டது. வரிசை நகரவில்லை.